நீராவி மீண்டும் நீராகும்போது



உரும்பிராயில் வாழும் இடம்பெயர்ந்த குடும்பங்களின் மாதர் குழு ஒன்று எம்மிடம் ஒரு கேள்வியுடன் வந்தது. தக்காளியும் மாம்பழமும் மலிந்து விலை விழும் காலத்தில் அவற்றைப் பதப்படுத்திப் போத்தலில் அடைத்து விற்கவேண்டும் என்பது அவர்களது எண்ணம். பாவித்த இயந்திரத் தொகுதி ஒன்று அவர்களுக்கு விலை பேசப்பட்டிருந்தது. நீராவி அமுக்கத்தில் உணவை அவிக்கும் கலன் ஒன்று, சாற்றை வற்றவைக்கும் மூடிய பாத்திரம் ஒன்று, அதனோடு 'கொண்டென்சர்' எனப்படும் குழாய்கள் நிறைந்த உருளை ஒன்று. வாங்குவதானால் குழுவின் சேமிப்பு முழுவதும் போவதோடு கடனும் படவேண்டும். "இதை வாங்கலாமா? இந்த உருளை எதற்கு?" என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்வியைச் சிறிதாக எண்ண எம்மால் முடியவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் பல, 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது இரண்டாந் தடவையும் எல்லாவற்றையும் விட்டுச் சென்றவை. காணிகள் பின்னர் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டாலும் எல்லோருக்கும் தத்தம் நிலம் கிடைத்துவிடவில்லை. இப்படிப்பட்டவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரு பிழையான இயந்திரத்தில் முடங்கக்கூடாது. அதனிலும் மேலாக, அவர்கள் அடைக்கும் போத்தல் யாருக்கும் தீங்கு செய்யக்கூடாது. ஆகவே அவர்களுக்குச் சொன்ன விளக்கத்தை எல்லோருக்கும் பயன்படும்படி இங்கே தருகிறோம்.

ஒடுக்கி என்றால் என்ன?

கேத்திலில் தண்ணீர் கொதிக்கும்போது அதன் மூக்கருகே ஒரு குளிர்ந்த தட்டைப் பிடித்துப் பாருங்கள். தட்டில் நீர்த்துளிகள் அரும்பும். நீராவி குளிர்ந்து மீண்டும் நீராவதை ஒடுங்கல் என்கிறோம். அதைச் செய்விக்கும் கருவியே ஒடுக்கி. பாடசாலை ஆய்வுகூடத்தில் கண்ணாடியால் ஆன லீபிக் ஒடுக்கியைப் பலர் கண்டிருப்பீர்கள். உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு உறை. உள்ளே ஆவி போகும், உறையில் குளிர்நீர் ஓடும். தொழிற்சாலை ஒடுக்கியும் அடிப்படையில் இதுவேதான். ஒரு குழாய்க்குப் பதிலாகப் பத்தோ நூறோ குழாய்கள் ஒரே உருளைக்குள் அடுக்கப்பட்டிருக்கும்.

எமது மண்ணில் இதற்கு அருகிலுள்ள உதாரணம் வடமராட்சியில் உள்ள திக்கம் வடிசாலை. பனங்கள்ளைக் காய்ச்ச, தண்ணீருக்கு முன்பாகவே, ஏறத்தாழ 78 பாகை செல்சியஸில் கொதிக்கும் மதுசாரம் ஆவியாக மேலெழும். அந்த ஆவியை ஒடுக்கி திரவமாக்குகிறது. குடியின் கேடு பற்றி இவ்விதழில் எழுதிவருவோராகிய நாம் சாராயத்திற்காக அதைக் குறிப்பிடவில்லை. ஒடுக்கி இல்லாவிட்டால் அங்கே காய்ச்சியதெல்லாம் காற்றோடு போய்விடும் என்பதைக் காட்டவே குறிப்பிடுகிறோம். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில் சூடாக இருக்கும் கம்பிவலை போன்ற பகுதியும் ஓர் ஒடுக்கிதான். அங்கே நீராவிக்குப் பதிலாக வேறொரு வாயு திரவமாகிறது.

ஆவிக்குள் ஒளிந்திருக்கும் வெப்பம்

ஒரு கிலோ தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க 70 கிலோகலோரி வெப்பம் போதும். ஆனால் கொதிக்கும் அந்த ஒரு கிலோ நீரை முழுவதும் ஆவியாக்க மேலும் 540 கிலோகலோரி வேண்டும். இந்த வெப்பம் ஆவிக்குள் மறைந்திருப்பதால் மறைவெப்பம் எனப்படுகிறது. ஆவி நீராகும்போது அவ்வளவையும் திருப்பிக் கொடுத்துவிடும். கொதிநீர் சுடுவதைவிட நீராவி கொடிதாகச் சுடுவதன் காரணம் இதுவே.

உணவை அவிக்கும் கலனுக்குள் நடப்பதும் இதுதான். நீராவி போத்தலின் மேல் பட்டு நீராகி, தன் மறைவெப்பத்தை உள்ளே இருக்கும் உணவுக்குக் கொடுக்கிறது. அந்த வகையில் அங்கே ஒவ்வொரு போத்தலும் ஒரு சிறிய ஒடுக்கிதான்.

பனங்கட்டியும் ரின்பாலும்

சாற்றை வற்றவைக்க ஒடுக்கி எதற்கு என்று கேட்கலாம். கருப்பணியைத் தாச்சியில் காய்ச்சிப் பனங்கட்டி செய்பவர்களுக்குத் தெரியும்: கடைசி நேரத்தில் அடி பிடிக்காமல் துழாவவேண்டும். சற்றுத் தவறினால் நிறம் கறுத்துச் சுவையும் கெடும். வெப்பம் கூடுவதே காரணம். மூடிய பாத்திரத்துள் காற்றை அகற்றி அமுக்கத்தைக் குறைத்தால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். வழக்கமான வளியமுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் இருந்தால் ஏறத்தாழ 60 பாகையில் கொதித்துவிடும்.

ஆனால் கொதித்து வரும் ஆவியை உடனுக்குடன் அகற்றாவிட்டால் அமுக்கம் மீண்டும் ஏறிவிடும். இங்கேதான் ஒடுக்கி உதவுகிறது. ஒரு லீற்றர் நீர் 100 பாகையில் ஆவியானால் ஏறத்தாழ 1,670 லீற்றர் இடத்தை நிரப்பும். அந்த ஆவி மீண்டும் ஒரு லீற்றர் நீராகச் சுருங்கும்போது வெற்றிடம் தானாக உண்டாகிறது. இங்கிலாந்தில் எட்வேட் ஹவார்ட் என்பவர் 1813 அளவில் சீனிப்பாகை இம்முறையில் வற்றவைத்தார். அமெரிக்கரான கேல் போர்டன் பாலை இம்முறையில் வற்றவைப்பதற்கு 1856 இல் காப்புரிமை பெற்றார். நாம் தேநீருக்கு ஊற்றும் ரின்பால் அந்த வழியில் வந்ததே. தக்காளிச் சாற்றைச் சிவப்பு மாறாமல் வற்றவைப்பதற்கும் இதே முறைதான். ஆகவே குழுவுக்கு விலை பேசப்பட்ட உருளை வீண்பொருள் அல்ல. அதைச் சுத்தமாக வைத்திருக்க முடியுமா என்பதே கேள்வி.

முள் காட்டுவதை நம்பலாமா?

அமுக்கத்தில் அவிக்கும் கலனைப் பார்ப்போம். பிறஷர் குக்கர் போன்றே இதுவும் வேலை செய்கிறது. சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கத்தில் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 121 பாகை. இந்த வெப்பம் ஏன் வேண்டும்? மண்ணில் வாழும் கிளொஸ்ரிடியம் பொற்றுலினம் என்னும் பற்றீரியாவின் வித்திகள் 100 பாகைக் கொதிநீரில் மணிக்கணக்காகக் கிடந்தும் சாகாமல் இருக்கக்கூடியவை. காற்றுப் புகாத போத்தலில், புளிப்பில்லாத உணவில் அவை முளைத்துக் கொடிய நஞ்சை உண்டாக்கும். உணவின் நடுப்பகுதி 121 பாகையை அடைந்து ஏறத்தாழ 3 நிமிடம் நிற்கவேண்டும் என்று கணக்கிடுவது இதற்காகவே. வெப்பம் நடுவுக்குப் போய்ச் சேர எடுக்கும் நேரம் வேறு.

இங்கே ஒரு பொறி உண்டு. கலனுக்குள் காற்று மீந்திருந்தால் அமுக்கமானியின் முள் பொய் சொல்லும். பாதி காற்றும் பாதி நீராவியுமாக இருந்தால் முள் 15 இறாத்தல் காட்டும். உள்ளே வெப்பமோ 100 பாகை அளவில்தான் இருக்கும். அதனால் முதலில் வாயிலைத் திறந்துவைத்து, நீராவி ஒரே சீராகச் சீறி வரும்வரை காற்றை வெளியேற்றவேண்டும். வீட்டளவிலான கலனுக்கு 10 நிமிடம் என்பது பொது விதி. அமுக்கமானி மட்டும் உள்ள கலனை வாங்காதீர்கள். தனியான வெப்பமானியும் இருக்கவேண்டும். ஒடுக்கிக்கும் இது பொருந்தும். காற்று தங்கிய குழாயில் ஆவி சுவரைத் தொடமுடியாமல் நிற்கும். ஒடுங்கல் குறைந்துவிடும்.

ஆறும்போது வந்த ஆபத்து

நன்றாக அவித்துவிட்டால் வேலை முடிந்தது என்றே பெரும்பாலானோர் நினைப்பார்கள். அது தவறு என்பதை 1964 இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரம் அறிந்துகொண்டது. அங்கே 400 க்கு மேற்பட்டோர் தைபோயிட்டுக் காய்ச்சலுக்கு ஆளாயினர். விசாரணை ஆர்ஜென்ரீனாவில் அடைக்கப்பட்ட மாட்டிறைச்சி ரின் ஒன்றில் போய் முடிந்தது. இறைச்சி அவிக்கப்பட்டதில் குறையில்லை. அவித்த ரின்களை ஆறவைக்கக் குளோரீன் இடாத ஆற்றுநீர் பயன்படுத்தப்பட்டிருந்தது. ரின் ஆறும்போது உள்ளிருந்த ஆவி ஒடுங்கி வெற்றிடம் உண்டானது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருத்துத் துளையூடாக அழுக்குநீர் உள்ளே உறிஞ்சப்பட்டது. பின்பு கடையில் இறைச்சி வெட்டும் இயந்திரத்தினால் கிருமி மற்றைய உணவுகளுக்கும் பரவியது.

இதுதான் இக்கட்டுரையின் சாரம். சூடு கிருமியைக் கொல்கிறது. குளிர்ச்சியோ உறிஞ்சுகிறது. ஆறவைக்கும் நீர் உணவுக்குள் போகும் நீரைப் போலவே சுத்தமாக இருக்கவேண்டும். போத்தல்களையோ ரின்களையோ ஆறவைக்கும் நீருக்குக் குளோரீன் இட்டு ஆகக் குறைந்தது 20 நிமிடம் விடவேண்டும். வேலை முடியும் வரையும் அந்நீரில் குளோரீன் எஞ்சியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

சுத்தமான ஒடுக்கியின் அடையாளங்கள்

உணவு, மருந்துத் தொழிற்சாலைகளுக்கான ஒடுக்கிகளை அமைப்போர் இந்த உறிஞ்சலையே மனதில் வைத்து வேலை செய்கிறார்கள்.

முதலாவது, குளிர்நீரை ஆவியின் மேலேயே தெளிக்கும் வகை ஒடுக்கிகள் உண்டு. அமைப்பு எளிது, விலையும் குறைவு. ஆனால் ஆவியும் குளிர்நீரும் கலந்துவிடும். வெற்றிடம் திடீரெனக் குழம்பினால் அழுக்குநீர் உணவுப் பாத்திரத்துக்கே திரும்பிப் பாயவும் கூடும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் உலோகச் சுவர் உள்ள வகையே எமக்கு உகந்தது.

இரண்டாவது, அந்தச் சுவரும் ஒருநாள் ஓட்டையாகலாம். குழாய்களின் முனைகள் ஒரு தகட்டில் பொருத்தப்பட்டிருக்கும். சுத்தத்திற்காக அமைந்த ஒடுக்கியில் சிறு இடைவெளி விட்டு இரண்டு தகடுகள் இருக்கும். கசிவு ஏற்பட்டால் அந்த இடைவெளியால் நிலத்தில் சொட்டும். பார்ப்பவர் கண்டுகொள்வார். ஒற்றைத் தகடானால் கசிவு உணவுப் பக்கம் போய்விடும், எவருக்கும் தெரியாது.

மூன்றாவது, அமுக்கத்தின் திசை. உணவுப் பக்கத்தின் அமுக்கம் குளிர்நீர்ப் பக்கத்தை விடக் கூடுதலாக இருந்தால், ஓட்டை விழுந்தாலும் உணவு வெளியே போகுமே தவிர நீர் உள்ளே வராது. வெற்றிடத்தில் இயங்கும் ஒடுக்கியில் இது முடியாது. நீரே உள்ளே இழுக்கப்படும். ஆதலால் அங்கே இரட்டைத் தகடும் சுத்தமான நீரும் இன்னும் முக்கியமாகின்றன.

நான்காவது, உட்புறம். எவர்சில்வர் என்று நாம் சொல்லும் கறையில் உருக்கினால், கண்ணாடிபோல் மினுக்கிய சுவராக இருக்கவேண்டும். நீர் முழுவதும் தானே வடிந்துபோகும்படி சரிவாக இருக்கவேண்டும். கழுவமுடியாத மூலை ஒன்று இருந்தாலும் கிருமி அங்கே குடியேறும்.

பழைய வாகன ரேடியேற்றரை ஒடுக்கியாக்கித் தருவதாக எவராவது சொன்னால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அவற்றின் பொருத்துகளில் ஈயம் உண்டு. அமெரிக்காவில் கள்ளச்சாராயம் காய்ச்சியோர் இப்படிச் செய்ததனால் குடித்தவர்கள் ஈய நஞ்சுக்கு ஆளான வரலாறு மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது.

எமது கிணறும் ஒடுக்கியும்

வேறு ஊரில் நன்றாக ஓடிய இயந்திரம் உரும்பிராயில் நன்றாக ஓடும் என்று சொல்லமுடியாது. எமது செம்மண்ணின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். அதனூடாக ஊறிவரும் நீர் வன்னீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் கல்லே அதற்குச் சாட்சி. ஒடுக்கிக் குழாய்களிலும் அதே கல் படியும். உலோகத்தைப்போல் அது வெப்பத்தைக் கடத்தாது. ஒரு மில்லிமீற்றர் படிவு, பல மில்லிமீற்றர் தடித்த உருக்குச் சுவரைப்போல் வெப்பத்தைத் தடுக்கும். ஆவி ஒடுங்காமல் நிற்க, வெற்றிடம் குறைந்து, தக்காளி கறுக்கும். விறகும் எண்ணெயும் வீணாகும். சிற்றிக் அமிலக் கரைசலால் காலத்துக்குக் காலம் கழுவவேண்டும். கழுவுவதற்குக் கழற்றமுடியாத ஒடுக்கி எமது ஊருக்கு உதவாது.

உவர்நீர்க் கிணறானால் இன்னொரு தொல்லை. உப்பிலுள்ள குளோரைட்டு எவர்சில்வரையும் சூட்டில் அரித்து ஊசித் துளைகளை உண்டாக்கும். '316' எனக் குறிக்கப்படும் உருக்கு சாதாரண '304' உருக்கைவிட இதைத் தாங்கும். அதுவும் முற்றாகத் தாங்குமென்று சொல்வதற்கில்லை.

நீரின் அளவையும் கணக்குப் பாருங்கள். பத்துக் கிலோ ஆவியை ஒடுக்க 5,400 கிலோகலோரி வெப்பத்தை அகற்றவேண்டும். ஓடும் நீர் 30 பாகையில் புகுந்து 50 பாகையில் வெளியேறுமானால் அதற்கு 270 லீற்றர் வேண்டும். அதாவது பத்து லீற்றர் சாற்றுநீரை வற்றவைக்க ஒரு பீப்பாவுக்கு மேல் கிணற்றுநீர். வெங்காயத்துக்கும் மரக்கறிக்கும் அதே கிணற்றையே நம்பியிருக்கும் ஊரில் இது சிறு தொகை அன்று. சூடான நீரைத் தொட்டியில் ஆறவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். ஆனால் சுற்றிச் சுற்றி வரும் நீரில் உப்பும் கிருமியும் கூடிக்கொண்டே போகும் என்பதை மறக்கக்கூடாது.

கிணறு தெளிவாக இருப்பதும் போதாது. சுன்னாகம் சுற்றாடற் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த பிரச்சினை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எல்லோரையும் கலக்கியதை நாம் மறக்கவில்லை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் பசளையால் நைத்திரேற்றுக் கூடியிருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. கொதிக்கவைப்பதாலோ குளோரீன் இடுவதாலோ நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆகையால் இயந்திரத்துக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் கிணற்றுநீரைப் பரிசோதிப்பியுங்கள்.

இன்னொரு 'உயர் அமுக்கம்'

'உயர் அமுக்கப் பதனிடல்' என்ற சொல்லைக் கேட்டும் சிலர் குழம்புகிறார்கள். அது வேறு. நீராவி இன்றி, பொதிசெய்த உணவை நீருக்குள் வைத்து வளியமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 6,000 மடங்கு அமுக்கம் கொடுப்பது. ஜப்பானில் 1990 இல் இம்முறையிலான பழப்பாகு விற்பனைக்கு வந்தது. பழத்தின் மணமும் நிறமும் மாறுவதில்லை. ஆனால் முன்சொன்ன வித்திகள் அந்த அமுக்கத்துக்கு மட்டும் சாவதில்லை. அதனால் அவ்வுணவுகள் பெரும்பாலும் குளிரிலேயே வைக்கப்படுகின்றன. அது பெருமுதல் உள்ளோரின் தொழில்.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

1. கலன் எந்த உலோகத்தால் ஆனது? முன்பு அதில் என்ன காய்ச்சப்பட்டது? இரசாயனப் பொருள் பாவித்த கலனானால் வேண்டாம்.

2. கொதிகலனும் அமுக்கக் கலனும் தகுதியுடையவரால் பரிசோதிக்கப்பட்டதற்கான சான்றிதழ் உண்டா? காப்பு வாயில் வேலை செய்கிறதா?

3. அமுக்கமானியோடு வெப்பமானியும் உண்டா? காற்றை வெளியேற்றும் வாயில் எங்கே?

4. ஒடுக்கியில் இரட்டைத் தகடா, ஒற்றைத் தகடா? குழாய்களைக் கழற்றிக் கழுவலாமா? இறப்பர் வளையங்கள் யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா?

5. மணித்தியாலத்துக்கு எவ்வளவு நீர், எவ்வளவு எரிபொருள் வேண்டும்?

6. உங்கள் முன்னிலையில் ஒருநாள் முழுவதும் இயக்கிக் காட்டுவார்களா?

இவற்றில் ஒன்றுக்கேனும் நேரான பதில் கிடைக்காவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

குழுவுக்கு நாம் சொன்ன பதில்

இப்போது வாங்கவேண்டாம் என்றே சொன்னோம். அவர்களுடைய முகம் வாடியது உண்மை. ஆனால் காரணத்தையும் சொன்னோம். பி.எச். பெறுமானம் 4.6 க்குக் குறைந்த புளிப்பான உணவில் அந்தப் பொல்லாத வித்தி முளைக்காது. மாங்காய், தேசிக்காய், புளி, முந்திரிகைச் சாறு போன்றவற்றுக்கு 121 பாகையோ அமுக்கக் கலனோ தேவையில்லை. மூடி இறுக்கிய போத்தல்களை, அவ்வவ் உணவுக்கும் போத்தலின் அளவுக்கும் விதித்த நேரம் வரை, கொதிநீரில் அமிழ்த்தி வைத்தால் போதும். தக்காளி இந்த எல்லைக்கோட்டிலேயே நிற்பது. எனவே ஒரு லீற்றர் போத்தலுக்கு அரைத் தேக்கரண்டிக்குக் குறையாமல் சிற்றிக் அமிலம் சேர்க்கவேண்டும். நன்கு கனிந்த இனிப்பு மாம்பழத்துக்கும் புளிப்புப் போதாமல் போகலாம். அதற்கும் சேர்த்து, பி.எச். அளந்து பார்க்கவேண்டும். அவித்த போத்தல்களைக் குளிர்நீரில் போடாதீர்கள். கண்ணாடி வெடிக்கும். அதோடு மேலே சொன்ன உறிஞ்சலும் நடக்கும். துணி விரித்த மேசையில் இடைவெளி விட்டு ஆறவிடுங்கள். மறுநாள் மூடியின் நடு உள்வாங்கியிருந்தால் நல்லது. மேலெழும்பியிருந்தால் சுவைத்துப் பார்க்காமலே அப்புறப்படுத்துங்கள்.

பயற்றங்காய், பால், மீன், இறைச்சி, பலாக்கொட்டை போன்ற புளிப்பில்லாதவற்றைப் போத்தலில் அடைப்பது வேறு கதை. தகுந்த கலனும் பயிற்சியும் இன்றி எவரும் அதில் கைவைக்கக்கூடாது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் முதலில் பேசுங்கள். பனம் பொருட்கள் பற்றியதானால் கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிலையத்தை நாடலாம்.

ஓரிரு போகம் இப்படிச் செய்து, சந்தையும் பிடித்து, நீரும் பரிசோதித்து, அயலிலுள்ள மற்றக் குழுக்களும் சேர்ந்தால், அப்போது ஒரு நல்ல ஒடுக்கியைப் பொதுவில் வாங்குவதைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன் ஒவ்வொரு குழுவும் ஒன்றுகூடி இந்த மூன்று கேள்விகளுக்கு விடை காணட்டும்: எமது கிணற்றுநீர் எப்படிப்பட்டது? எம்மிடம் எந்தப் பழம் எந்த மாதத்தில் வீணாகிறது? நாம் அடைக்கும் போத்தலை எமது பிள்ளைக்குப் பயமின்றிக் கொடுப்போமா?

மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று சொல்லக்கூடியவர்கள் அடைத்த போத்தலையே சந்தைக்கு அனுப்புவோம்.